பள்ளிக்கரணைக் கழுவெளி: வயல்களும் ஊர்ப்பெயர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் மேடவாக்கம் பக்கம் குடிவந்து பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து ஓரமாக நடப்பது வழக்கம். பறவை பார்க்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் பறவையை விட்டுவிட்டு ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பலகையில் 'சதுப்பு நிலம்' என்று இருக்கிறது. நீங்கள் ஏன் 'கழுவெளி' என்கிறீர்கள்?

'சதுப்பு நிலம்' என்பது பாடப்புத்தகமும் வனத்துறையும் கொண்டுவந்த பேச்சு. பழைய ஆட்களிடம் கேட்டால் கழுவெளி என்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் பரந்து நின்று, கோடையில் வடிந்து, புல்லும் கோரையுமாகக் கிடக்கிற தாழ்ந்த வெளிக்கு அதுதான் பொதுப்பெயர். ஒரே ஓர் இடத்தின் பெயர் இல்லை. மரக்காணம் பக்கத்தில் பறவைகள் சரணாலயமாக இருக்கிறதே ஒரு கழுவெளி, அதற்கும் இதே பெயர். கடலோரத்து உப்பங்கழியைக் 'கழி' என்பது பழைய தமிழ். கழி, வெளி இரண்டும் சேர்ந்து கழிவெளி, பிறகு வாய்வழக்கில் கழுவெளி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு பெரியது?

1960களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்தது என்பார்கள். வடக்கே வேளச்சேரி, கிழக்கே பெருங்குடியும் துரைப்பாக்கமும், தெற்கே பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், மேற்கே வேளச்சேரி – தாம்பரம் சாலை என்று நான்கு பக்கமும் இதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இன்று தண்ணீரும் கோரையுமாகக் கண்ணில் படுவது அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் என்பது ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம். அதே சமயத்தில் பிச்சாவரமும் கரிக்கிலியும் பட்டியலில் ஏறின.

வெட்டுப்பட்டது எதனால் என்றால் குப்பைக்கிடங்கு, துரைப்பாக்கம் – பல்லாவரம் இருநூறு அடிச் சாலை, பறக்கும் ரயில், அரசு நிறுவனங்கள், அடுக்ககங்கள். நீண்ட பட்டியல்தான், இங்கே வேண்டாம்.

இந்தத் தண்ணீருக்குள்ளேயே நெல் விளைந்ததா?

இல்லை. இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விவசாயம் நடந்தது கழுவெளியின் மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏரிகளுக்குக் கீழே. ஏரி, அதன் கீழே வயல், வயலில் வடிந்தது அடுத்த ஏரிக்கு, கடைசியில் மிஞ்சியதெல்லாம் கழுவெளிக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு, கடல். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இதுதான் வடிகால்.

அதனால் கழுவெளியை விவசாயத்துக்கு வெளியே இருந்த பாழ்நிலம் என்று நினைக்க முடியாது. வீட்டுக்கு முற்றம் மாதிரி, வயலுக்கு இது. இங்கே தண்ணீர் இறங்க இடம் இருந்ததால்தான் ஐப்பசி, கார்த்திகையில் மேலே நடவு அழுகாமல் நின்றது. ஆனால் வருவாய்க் கணக்கில் கழுவெளி என்றால் தீர்வை, அதாவது நிலவரி, வராத புறம்போக்கு. தீர்வை வராத நிலத்துக்கு வாய் கிடையாது. பிற்பாடு யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து.

அந்த ஏரிகளைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

இது எனக்குப் பிடித்த கேள்வி.

ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். சிட்லப்பாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கத்துக்கு. அது நிறைந்தால் நன்மங்கலம். பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் கழுவெளி. நிலத்தின் சரிவு பார்வைக்குத் தெரியாத அளவு மெல்லியது. சைக்கிளில் கிழக்கே போகும்போது மிதிக்க வேண்டியிருக்காது, திரும்பி வரும்போது முழங்காலுக்குத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சரிவைப் பிடித்துக் குறுக்கே மண்கரை போட்டால் ஏரி. நிறைந்த பிறகு வழிய ஒரு கல்கட்டு, அதற்குக் கலங்கல் என்று பெயர். வயலுக்குத் திறந்துவிட மதகு.

பழைய மதகை நேரில் பார்த்தால்தான் புரியும். கரையின் உள்பக்கம், தண்ணீருக்குள், இரண்டு கருங்கல் தூண்கள் ஜோடியாக நிற்கும். நடுவில் குறுக்குக் கல், அதில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு மரக்கழி கீழே இறங்கும். கழியின் நுனியில் அடைப்பு, அது அடியிலிருக்கும் துளையை மூடிக்கொண்டிருக்கும். கழியைத் தூக்கினால் கரைக்கு அடியில் போகும் கல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயல் பக்கம் கிளம்பும். ஒருமுறை என்னோடு வந்த பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஊஞ்சல் கட்டவா?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கரைக்கு அந்தப் பக்கம் வயலே இல்லை. மூன்று மாடி வீட்டின் கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.

யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுவதற்கு ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். அறுவடையில் அவருக்குப் பங்கு. கரையில் ஓட்டை விழுந்தால் ஊரே திரண்டு மண் போடும், அது குடிமராமத்து. இதெல்லாம் இந்தப் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல, தொண்டைமண்டலம் முழுவதுமே இப்படித்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனி வாரியம் இருந்தது என்று வருகிறது. ஆயிரத்து நூறு வருடப் பழக்கம்.

எத்தனை போகம் எடுத்தார்கள்?

செங்கல்பட்டுச் சீமையில் மூன்று பட்டங்களுக்கு, அதாவது பயிர்ப் பருவங்களுக்கு, பெயர் உண்டு: சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரை வாக்கில் தொடங்கி ஆடியில் அறுப்பது சொர்ணவாரி. கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களுக்கு அது. பெரிய பட்டம் சம்பா. ஆடி, ஆவணியில் விட்டு, வடகிழக்குப் பருவமழையைக் குடித்து, தையில் களத்துக்கு வரும். ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் அதன் பிறகு நவரை. மூன்றும் எல்லார் வயலிலும் நடந்ததாக நினைக்க வேண்டாம். மதகுக்கு அருகே நிலம் இருந்தவருக்கு இரண்டு போகம், கடைமடைக்காரருக்கு ஒன்று, அதுவும் மழை கொடுத்தால். இந்தப் பக்கத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் – டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஏரி இல்லாமல் இங்கே நஞ்சையே கிடையாது.

நிலம் யாருடையது? உழுதது யார்?

இரண்டும் ஒரே ஆட்கள் இல்லை. செங்கல்பட்டுப் பகுதி மிராசு முறைக்குப் பேர்போனது. நிலத்தின் உரிமையும் விளைச்சலில் பங்கும் மிராசுதாரர்களிடம், சேற்றில் இறங்கியது பெரும்பாலும் சேரியில் இருந்த பறையர் குடும்பங்கள். படியாளாக, அதாவது நெல்லைக் கூலியாக வாங்கும் பண்ணையாளாக, தலைமுறை தலைமுறையாக. 1763இல் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு, போனது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு மூலமாக இருந்தது ஊர்க் கணக்கர்களின் ஓலைகள். எந்த ஊரில் எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, யார் யாருக்கு மானியம் என்றெல்லாம் அதில் உண்டு.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். உழைப்பவர் கையில் நிலம் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு, அதாவது ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கிய நிலத்துக்கு, அடிப்படை. பஞ்சமி நிலம் என்று இன்று செய்தியில் படிக்கிறோமே, அந்தப் பேச்சு கிளம்பிய மாவட்டம் இதுதான். இந்த ஊர்களின் பழைய பசுமையைப் பற்றி ஏங்கிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

நெல்லைத் தவிர கழுவெளி என்ன கொடுத்தது?

மேய்ச்சல், முக்கியமாக எருமைக்கு. அப்புறம் பாய்க்கும் கூரைக்கும் கோரை, சம்பு. மீன் என்றால் விரால், கெளுத்தி, கெண்டை. தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒரு குட்டையில் ஒதுங்கும்போது பிடிப்பது சுலபம். எங்கள் தெருப் பாட்டி ஒருவர், கோரை அறுக்கப் போனால் விரலில் கோடு கோடாகக் கிழிந்திருக்கும், ராத்திரி குழம்புச் சோறு பிசையும்போது காரம் எரியும் என்று சொல்வார். இந்த இடத்தைப் பற்றி நான் கேட்டதில் எனக்கு மறக்காதது அதுதான்.

பள்ளிக்கரணை என்றால் என்ன பொருள்?

'பள்ளி' என்று தொடங்கும் அல்லது முடியும் ஊர்ப்பெயரைக் கண்டால் சமணப் பள்ளியை நினைப்பது தமிழ்நாட்டில் இயல்பு, பல இடங்களில் அது சரியும்கூட. 'கரணை' என்றவுடன் விவசாயம் தெரிந்தவருக்குக் கரும்புக் கரணை நினைவுக்கு வரும். நடுவதற்காகக் கணுவோடு வெட்டிய துண்டு. இதை வைத்து, 'பள்ளிக்குக் கரும்பு கொடுத்த ஊர்' என்று ஒருவர் எனக்குக் கதை சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. நான் நம்பவில்லை. ஊர்ப்பெயரைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் அகராதி பார்த்தால் எந்த ஊருக்கும் ஒரு கதை கிடைத்துவிடும். ஒரே சொல் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல வழி.

அப்படித் திரும்ப வருவது 'பாக்கம்'தானே? ஏன் இத்தனை பாக்கம்?

பெரும்பாக்கம், துரைப்பாக்கம், காரப்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், செம்பாக்கம். எண்ணிக்கொண்டே போகலாம். பாக்கம் என்றால் குடியிருப்பு. பழைய இலக்கியத்தில் கடலோர ஊர்களுக்கு அதிகம் வரும் சொல், தொண்டைமண்டலத்தில் உள்நாட்டு ஊர்களுக்கும் படர்ந்துவிட்டது.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. முன்னால் வல்லினமோ மெல்லினமோ இருந்தால் 'பாக்கம்' அப்படியே நிற்கிறது: மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம். ஒற்று இல்லாமல் வெறும் உயிரோசைக்குப் பிறகு வந்தால் உதடு சோம்பல்பட்டு 'வாக்கம்' ஆக்கிவிடுகிறது: மேடவாக்கம், புழுதிவாக்கம். நகருக்குள்ளே புரசைவாக்கம், வில்லிவாக்கமும் இதே கணக்கு. ஆக வாக்கம் தனி இனமில்லை, பாக்கத்தின் தம்பி.

பெரும்பாக்கம், பெருங்குடி, சிறுசேரி மாதிரிப் பெயர்கள் அளவைச் சொல்பவை. இன்று சிறுசேரியில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தால் அந்தச் 'சிறு' சிரிப்பை வரவழைக்கிறது.

சேரி, மங்கலம், கட்டளை?

இவை கொடை, நிர்வாகம் சார்ந்த பெயர்கள். மங்கலம் என்று முடிந்தால் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர் என்று பொதுவாகக் கொள்ளலாம், நன்மங்கலம் அந்த வகை. கட்டளை கோயில் செலவுக்கு விடப்பட்ட ஏற்பாடு, கீழ்க்கட்டளையை அப்படித்தான் படிக்கிறேன்.

சேரியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் மனதில் ஓடுகிறது. சோழர் காலத்தில் சேர்ந்து வாழும் எந்தக் குடியிருப்பும் சேரிதான், பிராமணர் தெருவும் சேரிதான். வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டில் ஊரின் பெயர் வெளிச்சேரி. கழுவெளியின் வடக்கு முனையில் இருக்கும் ஊருக்கு வெளிச்சேரி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! இதையும் ஒரு கதை என்று யாராவது சொன்னால் சண்டை போடமாட்டேன், முன்பு நானும் கரும்புக் கதையை நம்பவில்லையே.

வயலையும் தண்ணீரையும் நேரடியாகச் சொல்லும் பெயர்கள் உண்டா?

உண்டு. முதலில் அரசன்கழனி. கழனி என்றால் நெல்வயல். இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை, ஊர் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. ஏரியும் சிறு மலையும் சேர்ந்த இடம். போனால் காலையில் போங்கள்.

ஒக்கியம் மடுவு. மடு என்றால் ஆழமான நீர்நிலை, கோடையிலும் வற்றாமல் தண்ணீர் கிடக்கும் இடம். மொத்தக் கழுவெளிக்கும் வெளியே போகும் வாய் இதுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் பாலத்தைக் கடக்கும்போது பேருந்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இவ்வளவு பெரிய பரப்பின் தண்ணீர் இந்த இடுக்கில்தான் போக வேண்டும்.

புழுதிவாக்கம். புழுதி என்றால் நகரவாசிக்குத் தூசி. உழவருக்கு அது மழைக்கு முன் காய்ந்த நிலத்தை உழுது பொடியாக்கிய மண், புழுதி விதைப்பு என்று ஒரு முறையே உண்டு. ஊர்ப்பெயரில் இருப்பது இந்தப் புழுதி என்பது என் ஊகம்.

தாழம்பூரில் தாழை, நாவலூரில் நாவல். தாழை ஈரமண் விரும்பும் செடி, ஓடைக்கரையில் நிற்கும். பழவந்தாங்கல் கொஞ்சம் வடக்கே தள்ளி இருந்தாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாங்கல் என்பது சின்ன ஏரி. வேடந்தாங்கலில் உள்ள அதே தாங்கல். ரயிலில் தினமும் அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் அதை வெறும் பெயராகத்தான் கேட்கிறார்கள்.

விவசாயம் எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் முதலில் மனைகளாயின, தெற்கே கொஞ்சம் தாமதம். 2000க்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நெடுஞ்சாலையானதும் வேகம் பிடித்தது. இடையில் ஒரு கட்டம் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை: வயலுக்கு இறைத்த கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விற்பது. நெல்லில் வரும் காசைவிட டேங்கர் லாரிக் காசு அதிகம், ஆள்கூலியும் இல்லை. வயலை விற்பதற்கு முன்னால் வயலின் தண்ணீர் விலைபோனது.

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல், போன பிறகு ஏரிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத ஏரியின் வாய்க்காலை யார் தூர்வாருவார்?

வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் ஏன் ஒவ்வொரு முறையும் மூழ்குகின்றன?

2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், இரண்டிலும் படகு ஓடியது. மேலே சொன்ன சங்கிலியை நினைவில் வைத்துக்கொண்டால் பதில் தானே வரும். முன்பு ஒவ்வோர் ஏரியும், அதன் கீழ் வயலும், வரப்பும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து வைத்து மெதுவாக அனுப்பின. இன்று கான்கிரீட் பிடிப்பதில்லை, ஒரே மூச்சில் அனுப்புகிறது. கீழே வாங்கிக்கொள்ள வேண்டிய கழுவெளியோ பத்தில் ஒரு பங்கு. கடலுக்குப் போகும் வாய் ஒக்கியம் மடுவு. அலை ஏறியிருக்கும் நேரத்தில் கடலும் சட்டென்று வாங்காது. 'ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது' என்று சொல்கிறோம். அது முன்பும் அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

வழக்கறிஞர் பார்க்க வேண்டியதை அவர் பார்க்கட்டும். நான் சொல்வது கூடுதலாக. பட்டா, சிட்டாவோடு நிறுத்தாமல், எந்தப் புல எண் என்ன நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அளந்து வரைந்த புலப்படத்தையும் எடுங்கள். உங்கள் புல எண்ணை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் 'ஏரி', 'வாய்க்கால்', 'கழுவெளி' என்று இருந்தால் தண்ணீரின் முகவரி தெரிந்துவிடும்.

நண்பர் ஒருவர் வாங்கிய வீட்டுக்கு இப்படிப் புலப்படம் பார்த்தோம். அவர் தெரு நடுவில் காரணமே இல்லாமல் ஒரு வளைவு வளையும், மற்றத் தெருக்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேர். படத்தில் அதே வளைவு வாய்க்காலாக இருந்தது. வாய்க்காலின் மேல் தார் போட்டிருக்கிறார்கள். மழை நாளில் அந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் ஓடும், மற்றத் தெருக்களில் தேங்கும். அவர் இப்போது ஸ்கூட்டரைத் திண்ணை மேல் ஏற்றி வைக்கப் பழகிவிட்டார்.

இன்னொன்று, மனைப்பிரிவின் புதுப் பெயரை நம்பாதீர்கள். 'லேக் வியூ' என்று பெயர் வைத்தால் ஏரி தெரியும் என்று பொருள். எங்கிருந்து தெரியும், ஜன்னல் வழியாகவா கட்டிலுக்கு அடியிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் இருக்கும் பழைய கிராமத்தின் பெயரைப் பாருங்கள்.

எங்கிருந்து பார்த்தால் கழுவெளி நன்றாகத் தெரியும்?

பள்ளிக்கரணையில் வனத்துறையின் சூழலியல் பூங்கா இருக்கிறது, நடைபாதை உண்டு. அதிகச் செலவில்லாமல் பார்க்க வேண்டுமானால் பறக்கும் ரயில். தரமணியிலிருந்து வேளச்சேரி போகும் வண்டியில், பெருங்குடி நிலையம் வரும்போது எழுந்து கதவருகே வந்துவிடுங்கள். நிலையமே சதுப்பில்தான் நிற்கிறது. குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் கிடைக்கும். ஊதா நிறத்தில் சிவப்புக் கால் வைத்து நடப்பது தாழைக்கோழி வகை, அது எப்போதும் உண்டு.

இந்தப் பக்கத்தில் இன்னும் நெல்லைப் பார்க்க முடியுமா?

மேடவாக்கத்திலிருந்து தெற்கே பிடியுங்கள். பொன்மார் தாண்டி மாம்பாக்கம் பக்கம் போகும்போது வேலி போட்ட மனைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சைத் துண்டு வரும். தை மாதம் போனால் கதிர் தலை சாய்ந்திருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள், ஆள் இருந்தால் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். போன முறை நான் போனபோது வயல்காரர் முதலில் கேட்டது, "எடம் பாக்க வந்தீங்களா?"